ஆற்றோரத்தில் ஒரு பனம்பாத்தி

மாத்தளை டவுனில் ஆற்றோரமாக ஒரு துண்டு நிலம் வெகுகாலம் சும்மா கிடந்தது. பழைய டயரும் உடைந்த கல்லும் ஆளுயரத்துக்கு இலுக்குப் புல்லும்தான் அங்கே விளைந்தன. அதைத் துப்புரவாக்கி, கம்பு நட்டுப் பிரித்து, டவுனில் இருக்கிற வயதானவர்களுக்கு மரக்கறி போடக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே நான் போய் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். என் மருமகள் சிரித்தாள்.

"இந்த வயசுல மம்பட்டி பிடிக்கப் போறீங்களா மாமி?"

"மம்பட்டி பிடிச்சுத்தான் ஒம் புருஷன வளத்தேன்" என்றேன்.

பலாபத்வலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, றப்பர் மரத்துக்கும் கொக்கோ மரத்துக்கும் நடுவே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் கொச்சிக்காய், கொஞ்சம் கீரை என்று போடுவோம். துரை மாறினாலோ கங்காணி முறைத்தாலோ அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு றப்பர் கன்று வைத்துவிடுவார்கள். அதனால் நகரசபைக்காரர்கள் கம்பு நட்டு, கம்பி இழுத்து, "இது உங்களுடையது அம்மா" என்று காட்டியபோது, அது அவர்களுடைய நிலம்தான் என்று தெரிந்தும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கதவு வைத்துப் பூட்டுப் போட்டேன். கத்தரிச் செடிக்குப் பூட்டுப் போட்டவள் என்று டவுனில் கொஞ்ச நாள் கதை நடந்தது. நடக்கட்டும்.

அந்த இடத்துக்குச் சிங்களத்தில் வெடிஹிட்டி வத்த என்று பெயர். வெடிஹிட்டி என்றால் மூத்தவர்கள். என் துண்டுக்கு மேல்பக்கத்தில் இருந்த முஸ்லிம் நானா, கடைத்தெருக் கடையை மகன்மாரிடம் விட்டுவிட்டு வந்தவர், வெற்றிலைக்கொடியோடு பேச்சையும் சேர்த்து வளர்ப்பவர். அவர்தான் சொன்னார்:

"நாட்டுல வெடி காணாதுண்டு நமக்கும் ஒரு வெடித் தோட்டம் தந்தீக்கிறாங்க."

எனக்கு இடதுபக்கம் ஒரு சிங்களப் பெண். பல்லேபொல பக்கத்தவள், டவுனில் மகளோடு இருந்தாள். என்னைவிடச் சின்னவள். நான் அவளை நங்கி என்பேன், அவள் என்னை அக்கே என்பாள். கலகக்காரர் என்று சிங்களப் பிள்ளைகளை ஆமியும் பொலிசும் அள்ளிக்கொண்டு போனார்களே, எண்பதுகளின் கடைசியில், அந்தக் காலத்தில் அவளுடைய மூத்த மகனை பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கொண்டுபோனார்கள். வரவேயில்லை. இதை அவள் எனக்கு ஒரே ஒரு தரம்தான் சொன்னாள், வெண்டிக்காய் பறித்துக்கொண்டே. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

வலதுபக்கத் துண்டு கொஞ்ச நாள் ஆளில்லாமல் கிடந்தது. பிறகு யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். வடக்குக்குப் பாதை திறந்து, சமாதானம் சமாதானம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மனைவி போனபிறகு மகளோடு இருக்க வந்தவர். மகள் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். மெலிந்த, உயரமான ஆள். வேட்டியை மடித்துக் கட்டி, குடையை ஊன்றிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் எங்களையெல்லாம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"பிள்ளை, உங்கட தோட்டம் எது?"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. நான் அப்போது கண்டாங்கி கட்டிய பால்வெட்டுக்காரி இல்லை. டவுனில் வீடெடுத்து, மகனைப் படிக்கவைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் வரிசையில் உட்காருகிறவள். வந்து நின்றவுடனே எந்தத் தோட்டம் என்று கேட்கிறாரே. யாழ்ப்பாணத்தார் சிலர் எங்களைத் தோட்டக்காட்டார் என்று இளக்காரமாகச் சொல்வதை எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறேன்.

"எந்தத் தோட்டமா இருந்தா ஒங்களுக்கு என்ன? பொண்ணு கேட்டு வந்தீங்களா?"

அவர் முழித்தார். "இல்லைப் பிள்ளை, சும்மா கேட்டனான்..."

"பிள்ளையா? எனக்குப் பேரன் பேத்தி இருக்கு! பனங்கொட்ட சூப்புறவங்களுக்கு மரியாத தெரியாதுன்னு சொல்றது சரிதான்."

நானா மேலேயிருந்து குரல் கொடுத்தார். "பெரியவரே, அந்தப் பக்கத்து வேலிய கொஞ்சம் ஒசத்திக் கட்டிக்கோங்க!"

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மம்பட்டி பிடிக்க முடியுமா? அவர் வெங்காயம் போட்டார். பாத்திகள் நூல் பிடித்த மாதிரி. தண்ணீர் கட்டும்போது காலாலேயே மண்ணை ஒதுக்கி வாய்க்காலைத் திறப்பார், காலாலேயே அடைப்பார், குனியவே மாட்டார். என் கத்தரியும் சோடைபோகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் அவருடைய மகள் பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்தவள், என் வேலியருகே நின்று பேச்சுக் கொடுத்தாள். நல்ல பெண். உன் அப்பா என்னைக் கேட்ட கேள்வி இதுதான் என்று சொன்னேன். அவள் முதலில் விளங்காமல் நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"ஐயோ அம்மா, எங்கட ஊரிலை தோட்டம் எண்டா இதுதான். வெங்காயம், மிளகாய், புகையிலை போடுற நிலம். அப்பாவே தோட்டக்காரன்தான். உங்கட துண்டு எது எண்டுதான் கேட்டிருக்கிறார்."

ஒரே பாஷைதான், ஒரே சொல்தான். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. போய்ச் சமாதானம் பேசுகிற ஆள் நான் இல்லை. அன்றைக்குப் பறித்த கத்தரிக்காயில் நல்லதாகப் பார்த்து ஒரு பையில் போட்டு அவர் வேலியில் தொங்கவிட்டேன். மறுநாள் என் வேலியில் ஒரு பிடி வெங்காயம், தாளோடு. அப்படித்தான் பேச்சுத் தொடங்கியது. என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவதை மட்டும் அவர் விடவில்லை. அவர்கள் ஊரில் அது மரியாதைதான் என்று மகள் சொன்னாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவருடைய சொந்த நிலம் ஆமிக்காரர் அடைத்த எல்லைக்குள் போய்விட்டது. அதைப்பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. "சண்டை நிண்டா விடுவினமாம்" என்று ஒருதரம் சொன்னார்.

பாதை திரும்ப மூடப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஆடி மாதத்தில், வடக்கே இருந்த அவருடைய தங்கச்சி, தெரிந்த லொறிக்காரன் ஒருவனிடம் ஒரு சாக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். சாக்கு நிறையப் பனங்கொட்டை. நாரோடு, கறுப்பாக, கை கொள்ளாத உருண்டைகள். அந்த மனுஷன் முகத்தை அன்றைக்குத்தான் நான் வெளிச்சமாகப் பார்த்தேன். ஆற்றிலிருந்து மணலை வாளி வாளியாகச் சுமந்து வந்து, மண்ணோடு கலந்து, நீளமாக மேடு கட்டி, கொட்டைகளை நெருக்கி நெருக்கி அடுக்கி, மேலே மண் போட்டு மூடினார்.

"இதென்ன, எதையோ பொதச்சு வைக்கிற மாதிரி?" என்றேன்.

"பனம்பாத்தி. மேலை ஒண்டும் தெரியாது பிள்ளை. எல்லாம் கீழைதான் நடக்கும். கொட்டை முளைச்சு, முளை கீழை இறங்கி, கிழங்கு வைக்கும். தை பிறந்தவுடனை கிண்டிப்போடவேணும். அவிச்சு, உப்பும் மிளகும் இடிச்சுத் தொட்டுத் தாறன். திண்டுபோட்டுப் பிறகு சொல்லுங்கோ பாப்பம், பனங்கொட்டை சூப்பி எண்டு."

நானா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது. நங்கி மட்டும் கிட்ட வரவில்லை. தள்ளி நின்று அந்த நீள மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சிங்களத்தில் சொன்னாள்: "அக்கே, இதப் பாத்தா ஆளைப் பொதச்ச மாதிரி இருக்கு. எனக்குப் புடிக்கல்ல."

பாதை மூடியது. அதோடு எல்லாம் மாறியது. பஸ்ஸை நிறுத்துவார்கள், தமிழர்களை மட்டும் இறக்குவார்கள். புதிதாக வந்து தங்கியிருக்கிற தமிழர்கள் பொலிசில் பதிய வேண்டும் என்றார்கள். எங்கள் டவுனிலும் வீடு வீடாகத் தேடினார்கள். ஆற்றோரத்துக்கு எதற்கு வரப்போகிறார்கள், அங்கே கிழடுகளும் கீரையும்தானே என்று நாங்கள் இருந்தோம்.

ஒரு காலை நேரம். பாலத்தடியில் ஜீப் வந்து நின்றது. பொலிஸ், பின்னால் ஆமி. யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியாது, நான் தேடவும் இல்லை. பாலத்தின்மேல் நாள் முழுக்க ஆள் நடமாட்டம். ஒரு தமிழ் ஆள் சாக்கிலிருந்து கறுப்பு உருண்டைகளை எடுத்து அடுக்கி மண்போட்டு மூடியதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

நேரே அவருடைய துண்டுக்குத்தான் போனார்கள். பெரிய பொலிஸ்காரர் மேட்டைக் காட்டி, இதற்குள் என்ன புதைத்திருக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். பெரியவருக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் காட்டின விரலிலிருந்து விளங்கிக்கொண்டார். மடித்துக் கட்டின வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டு, கேட்கிறவர் பெரிய ஆள் என்று குரலை உயர்த்திச் சொன்னார்:

"கொட்டை ஐயா! கொட்டை!"

வேகமாகச் சொன்னார். கொட்டையா, என்றுதான் விழுந்தது.

எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும். அதனால் அந்தக் காதாலும் கேட்டேன், இந்தக் காதாலும் கேட்டேன். சிங்களத்தில் புலிக்குக் கொட்டியா என்று சொல்வார்கள். அந்த வருஷங்களில் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் காட்டு மிருகத்தை நினைக்கமாட்டார்கள்.

ஆமிக்காரரின் துவக்குகள் அவரைக் குறிபார்த்து உயர்ந்தன. தான் சொன்னது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் இன்னும் பலமாக, கையால் உருண்டை பிடித்துக் காட்டி, "கொட்டையா! பனங்கொட்டையா!" என்றார்.

"தல் எட்ட, மஹத்தயா! தல் எட்ட!" என்று நான் கத்தினேன். பனைக்குச் சிங்களத்தில் தல், கொட்டைக்கு எட்ட. "வெதைதான் மஹத்தயா, வெதை! அவரு வேற சொல்றாரு!" நானாவும் மேலேயிருந்து அதையே கத்தினார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

ரெண்டு பேர் மம்பட்டி எடுத்து வெட்டினார்கள். கொட்டைகள் உருண்டு வெளியே வந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் விரல் மாதிரி வெள்ளையாக முளை. ஒன்றைப் பிளந்து பார்த்தார்கள். உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது. பெரிய பொலிஸ்காரர் அதை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். தல் எட்டதான், என்றார். மூச்சு வந்தது எனக்கு.

பிறகு அடையாள அட்டையைக் கேட்டார். யாழ்ப்பாணத்து விலாசம். இங்கே பதிந்தாயா என்று கேட்டார். மகள் பதியச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தாள், ஆனால் முத்திரை குத்தின துண்டு இன்னும் கைக்கு வரவில்லை. பொலிஸ்காரர் யோசித்தார். கெட்ட மனுஷன் என்று நான் சொல்லமாட்டேன். என்னைக் கூப்பிட்டு, அவன் ஏன் கொட்டியா என்றான் என்று கேட்டார்.

"கொட்டைன்னா எங்க பாஷையில வெதை. ஐயான்னா மஹத்தயா. ரெண்டும் சேந்துபோச்சு" என்றேன்.

"ஒனக்கு வெளங்குது. எனக்கும் இப்ப வெளங்குது. இவ்வளவு பேர் காதால கேட்டுட்டாங்களே, நான் மேல என்னன்னு சொல்றது? ஒரு வாக்குமூலம் எடுத்துட்டு அனுப்பிடுறேன்."

ஜீப்பில் ஏறும்போது பெரியவர் திரும்பிப் பார்த்தது எங்களை இல்லை. சிதறிக் கிடந்த கொட்டைகளைத்தான்.

"பிள்ளை, பாத்தியை மூடிவிடுங்கோ. வெய்யில் பட்டா முளை கருகிப்போம். நான் வந்து மிச்சத்தைப் பாக்கிறன்."

அவ்வளவுதான் சொன்னார். ஜீப் போய்விட்டது.

நான் மண்டியிட்டுக் கொட்டைகளைப் பொறுக்கினேன். எது தலை, எது கால் என்று தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. முளை கீழே இறங்கும் என்று அவர் சொன்னதை வைத்து, முளையைக் கீழே பார்க்க வைத்தேன். எனக்கு எதிரே யாரோ வந்து குந்துகிற சத்தம் கேட்டது. நங்கி. அந்த மேட்டைப் பார்க்கப் பிடிக்காது என்று சொன்னவள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்ணை அள்ளினாள். நாங்கள் ரெண்டு பேருமாக அதை மூடினோம்.

வாக்குமூலம் எடுத்து அனுப்பவில்லை. முதலில் இங்கே, பிறகு கண்டி, பிறகு தெற்கே வெகுதூரத்தில் ஒரு தடுப்பு முகாம் என்று மாற்றிக்கொண்டே போனார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. மகள் லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு வாசலாக நின்றாள். எங்களால் செய்யக்கூடியது அவருடைய துண்டைக் காப்பாற்றுவதுதான். அதுவும் லேசாக இல்லை. ரெண்டு மாதம் ஒன்றும் போடாமல் கிடந்தால் துண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும், அதுதான் சட்டம். சபை ஓவசியர் அடிக்கடி வந்து பார்ப்பார். இடுப்பில் கை வைத்து, கண்ணாலேயே அளப்பார்.

"இது சும்மாதானே கெடக்கு?" என்றார் சிங்களத்தில்.

"சும்மா இல்ல. நட்டிருக்கு."

"எங்க? ஒண்ணுமே மொளைக்கல்லியே."

"கீழ மொளைக்குது."

"கீழயா? அப்ப நான் எப்படிப் பாக்குறது?"

"தை மாசம் வாங்க, காட்டுறேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒங்களுக்கு வயசாயிடுச்சும்மா. அடுத்த தரம் வரும்போது மேல ஏதாவது பச்சையா இருக்கணும். இல்லாட்டி வேற ஆளுக்குத்தான்."

அன்றைக்கே நங்கி தன் துண்டிலிருந்து முகுணுவென்னக் கொத்துகளைப் பிடுங்கிவந்து மேட்டின் ரெண்டு பக்கமும் ஊன்றினாள். அந்தப் பொன்னாங்காணி மழைக்குப் படர்ந்து, பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. ஓவசியர் அடுத்த தரம் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார். போகும்போது ஒரு கட்டுக் கீரையும் கேட்டார். கொடுத்தோம்.

தை பிறந்தது. அவர் வரவில்லை.

நான் மம்பட்டியை எடுத்துக்கொண்டு அந்த மேட்டருகே போய் நின்றேன், நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். மகளைக் கேட்டேன். "அப்பா வந்து கிண்டட்டும் அம்மா" என்றாள். "கிண்டிட்டா அவர் வரமாட்டார் எண்டு நாங்களே சொன்ன மாதிரி." எனக்கும் உள்ளுக்குள் அதேதான். அவர் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார், நான் அள்ளிக் கொடுப்பேன், நானா ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று ஒவ்வொரு கிழமையும் தள்ளிப்போட்டேன்.

நங்கிதான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "தோண்டு அக்கே. அவர் சொன்ன மாசத்துல தோண்டு."

"வரட்டும் நங்கி."

"வர்றவங்க வருவாங்க. நீ காத்துக்கிட்டு இருக்குறதால யாரும் வரமாட்டாங்க." இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் வெண்டிச் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் அவள் சொல் கேட்கவில்லை.

மாசி போனது, பங்குனி போனது. ஒருநாள் கீரைக்கு நடுவே ஈட்டி மாதிரி ஒரு குருத்து நின்றது. பிறகு இன்னொன்று. நங்கி அதைப் பார்த்துவிட்டுத் தன் துண்டுக்குப் போனாள்.

சித்திரை கழிந்த பிறகுதான் பார்க்க அனுமதி கிடைத்தது. மகளுக்குச் சிங்களம் திக்கும், நான் துணைக்குப் போகிறேன் என்றேன். போவதற்கு முன்னால் பாத்தியில் பாதியைக் கிண்டினோம். கிழங்கு நீளமாக, வெள்ளையாக, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவித்து அவித்துப் பார்த்தும் இளகவில்லை. "காணும் அம்மா, இனி எடுங்கோ" என்று மகள் சொல்லும்வரை விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். மிளகும் உப்பும் இடித்துப் பொட்டலம் கட்டினேன்.

பஸ் மாறி பஸ் மாறிப் போனோம். வாசலில் நின்ற காவல்காரன் கிழங்குகளை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்தான். முறியவில்லை, முறுக்கித்தான் பிய்த்தான். "இத மனுஷன் திம்பானா?" என்றான். நான் துண்டுகளைத் திரும்பப் பைக்குள் பொறுக்கிப் போட்டேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஒரு காது கேட்கவில்லை போலிருந்தது, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். மகள் அழுதாள். அவர் அழவில்லை. கிழங்கை வலையின் கீழ் இடைவெளியால் தள்ளினோம். எடுத்துப் பெருவிரலால் நீளத்துக்குத் தடவினார்.

"முத்திப்போச்சு" என்றார்.

கிழங்கைத் திருப்பி முனையைப் பார்த்தார்.

"எப்ப கிண்டினது?"

"முந்தாநாள்" என்றேன்.

"தையிலை கிண்டவேணும் எண்டு சொன்னனான் எல்லோ. ஏன் பிள்ளை விட்டனீங்கள்?"

"நீங்க வந்து கிண்டுவீங்கன்னு இருந்தோம்."

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். வெகுநேரம் மென்றார். விழுங்க முடியவில்லை, சாற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டு சக்கையை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் போட அங்கே இடமில்லை. நேரம் முடிந்தது என்று எழுப்பிக்கொண்டு போனபோதும் அந்தச் சக்கை அவர் கைக்குள்தான் இருந்தது.

திரும்பி வந்து நான் ஓவசியரோடு இன்னும் பலமாகச் சண்டை பிடித்தேன். மிச்சப் பாதிப் பாத்தியில் குருத்துகள் விரிந்து விசிறி மாதிரி ஓலை விட்டிருந்தன. இப்போது மேலேயும் தெரிந்தது, அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கீரை பழுத்தால் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஊன்றினோம். வேலிக் கம்பு உக்கினால் மாற்றினோம். அந்தத் துண்டு அவருக்கு இருக்க வேண்டும், எனக்கு வேறு எண்ணமே இல்லை.

அவரை விட்டார்கள். மறுவருஷக் கடைசியில், ஒரு குற்றமும் இல்லையென்று, ஏன் பிடித்தோம் என்று ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டார்கள். வடக்கே சண்டை உச்சத்தில் இருந்த நேரம். நாளைக்கு வருவார், நாளை மறுநாள் வருவார் என்று பார்த்தேன். நானா தன் துண்டிலிருந்து இறங்கி வந்து, அவருடைய வாய்க்காலைத் துப்புரவாக்கி வைத்தார். வரவில்லை. நானே வீட்டுக்குப் போனேன்.

சுவரைப் பார்த்துக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். தேநீர் குடித்தோம். தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் பாதிச் சொல்லில் நிறுத்திவிடுவார், சத்தம் போனபிறகும் தொடரமாட்டார். வெளியே போனால் வாயே திறப்பதில்லை, கடையில் கையால்தான் காட்டுகிறார் என்று மகள் குசினிக்குள் வைத்து எனக்குச் சொன்னாள்.

"பாத்தி பாதி அப்படியே இருக்கு. ஓலை விட்டிருக்கு. வாங்க, வந்து பாருங்க" என்றேன்.

"இல்லை."

"ஒங்க துண்டு. யாருக்கும் குடுக்க விடல்ல."

"தெரியும். மகள் சொன்னவ." கோப்பையைக் கீழே வைத்தார். "அங்கை வந்தா ஆரும் ஏதும் கேப்பினம். நான் ஏதும் சொல்லவேணும். வேண்டாம் பிள்ளை. ஆருக்கும் குடுக்கச் சொல்லுங்கோ."

உங்களுக்காக அந்த ஓவசியரோடு எவ்வளவு மல்லுக்கட்டினேன் தெரியுமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வெளியே வந்து, தெருவில் நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு, நேரே சபைக்குப் போனேன்.

ஓவசியர் நம்பவில்லை. "நீங்கதானே இவ்வளவு நாளும் என்னோட சண்ட புடிச்சீங்க?"

"இப்ப நான்தான் சொல்றேன். குடுத்துடுங்க."

ஆளை அனுப்பித் துப்புரவாக்குகிறேன் என்றார். வேண்டாம், நாங்களே செய்கிறோம் என்றேன். மண்ணைக் குத்திப் பெயர்க்க நானாவிடம் அலவாங்கு வாங்கிக்கொண்டு நானும் நங்கியும் இறங்கினோம். ரெண்டு வருஷமானால் பனை கிழங்காக இருப்பதில்லை, வேராகிவிடுகிறது. இழுத்தால் வராது. சுற்றித் தோண்டித் தோண்டி ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டியிருந்தது. சிலது பாதியில் அறுந்து மிச்சம் கீழேயே நின்றுவிட்டது. வெட்டின ஓலையை ஆற்றோரத்தில் போட்டோம். மேய வந்த ஆடு மோந்துவிட்டுப் போனது. வெயில் சாயும்போது அந்த இடம் பெரிய பள்ளமாகக் கிடந்தது. என் கை ரெண்டும் கொப்பளித்திருந்தன. மருமகள் எண்ணெய் தடவிவிட்டாள்.

அடுத்த வருஷம் சண்டை முடிந்து டவுனில் பட்டாசு வெடித்த அன்று, மகள் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு அவரை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அந்தத் துண்டுக்கு வந்தவர் ரயில் ஸ்டேஷனில் வேலை செய்து பென்ஷன் எடுத்த ஒரு சிங்களப் பெரியவர். சாதுவான மனுஷன். முதல் நாள் வந்து பள்ளத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இவ்வளவு ஆழமாத் தோண்டியிருக்கே. என்ன இருந்துச்சு இங்க?"

பனைக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாக்கு எழும்பவில்லை.

"கிழங்கு" என்றேன்.

"என்ன கிழங்கு?"

நான் வாயைத் திறக்குமுன் நங்கி அந்தப் பக்கமிருந்து, தலையைத் தூக்காமலே, "மரவள்ளி" என்றாள்.

அவருக்குச் சந்தோஷம். அப்படியானால் இந்த மண்ணுக்கு அது ஒத்துவரும் போல என்று, மறுகிழமையே நாவுல பக்கமிருந்து மரவள்ளிக் கம்பு கொண்டுவந்து நட்டார். நன்றாகத்தான் வந்தது.